அவர் கூப்பிடுகிற பேர்

உத்தமபாளையம்
11.02.2025

மதிப்பிற்குரிய சந்தனம்மாள் அக்காவுக்கு,

ஜோதிலட்சுமி வணங்கி எழுதுவது. போன் பண்ணினேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அப்புறம் அந்த நம்பருக்கு லைனே போகவில்லை. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அவுகளுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. போன மாதக் கடைசியில் ஒரு நாள் திராட்சைத் தோட்டத்துக்குக் கிளம்பினாக. வலது கால் செருப்புக்குள் போகவில்லை. "என்ன ஆச்சு" என்று கேட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்தது, பதில் வரவில்லை. தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்குப் பயமில்லை. ஆனால் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இப்போது வீட்டில்தான் இருக்காக.

உங்களைத் தொந்தரவு பண்ண ஒரு காரணம் இருக்கிறது. அவுகளுக்குச் சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் கிடையாது, கொழுப்பும் பெரிதாக இல்லை. ஆனால் உடம்புக்குள் வீக்கம் இருந்தால் ரத்தத்தில் ஒரு அளவு ஏறுமாம். அது பல மடங்கு ஏறியிருக்கிறது. கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இவருக்கு வயசு அறுபத்திரண்டு. இந்தக் குழாய்க்கு எண்பது" என்றார். "ரொம்ப வருஷமா ஏதோ வீக்க நோய் இருந்திருக்கணும். மூட்டு வலின்னு சொல்லுவாரா" என்று கேட்டார். "இல்ல டாக்டர்" என்றேன். அவர் அவுக கையைத் தூக்கி எனக்கே காட்டினார். "விரலெல்லாம் கணுக்கணுவா வளைஞ்சு கெடக்கு. நீங்க சம்சாரம்தானம்மா" என்றார்.

திராட்சைப் பந்தலுக்குக் கம்பி இழுத்து இழுத்து விரல் அப்படி ஆகிவிட்டதென்று என்னிடம் சொல்லியிருந்தாக. நானும் நம்பினேன்.

அவுகளோடு என்னைவிட அதிக வருஷம் இருந்தது நீங்கள்தான். அப்போது என்ன நோய், என்ன மருந்து என்று எழுதுங்கள். அவுகளால் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
ஜோதிலட்சுமி


தேவாரம்
16.02.2025

ஜோதிலட்சுமிக்கு,

கடிதம் வந்தது. அக்கா என்று எழுதியிருக்கிறாய். உன்னோடு கூடப் பிறந்த ஞாபகம் எனக்கு இல்லை.

உன் வீட்டுக்காரருக்கு இப்படி ஆனது வருத்தம்தான். யாருக்கு ஆனாலும் வருத்தம்தான்.

கம்பி இழுத்து விரல் வளைந்தது என்று நம்பினாயாக்கும். அது சரவாங்கி. என் மகள் ஓவியா பால்வாடிக்குப் போகிற காலத்தில் ஆரம்பித்தது. முதலில் மணிக்கட்டு, பிறகு விரல், பிறகு முழங்கால். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வருஷக்கணக்கில் மருந்து சாப்பிட்டார். உன் வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட்டாரா இல்லையா என்பது நீ சொல்ல வேண்டியது, நான் இல்லை.

மருந்துப் பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. பள்ளிக்கூடத்தில் சத்துணவுப் பொறுப்பு பார்க்கிறவள் நான், மருந்துக்கடை வைத்திருக்கவில்லை.

ஓவியாவிடம் போனில் சொன்னேன். திருப்பூரில் இருந்துகொண்டு, "நீ அங்கன போயி நின்னுறாதம்மா" என்றாள். அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இனிமேலும் போன் பண்ணாதே. உன் குரல் எனக்கு வேண்டாம். எழுதினால் படிப்பேன்.

சந்தனம்மாள்


உத்தமபாளையம்
22.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கூடப் பிறந்திருந்தால்தான் அக்கா என்று இல்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இதத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றார். உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நம் உடம்புக்குள் காவலுக்கென்று ஒரு படை இருக்கிறதாம். கிருமி வந்தால் அடிக்கும், வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும். வயதாக ஆக அது முன்னே மாதிரி ஓயாது, லேசாகப் புகைந்துகொண்டே இருக்குமாம். சரவாங்கிக்காரர்களுக்கு அந்தப் படை சொந்த மூட்டையே அயலான் என்று நினைத்து அடிக்கிறது. அந்த அடி மூட்டோடு நிற்பதில்லை. ரத்தக்குழாயின் உள் சுவரும் புண்ணாகும். புண்ணில் கொழுப்பு படியும். ஒரு நாள் பொருக்கு உடைந்து, ரத்தம் அங்கே உறைந்து, மூளைக்குப் போகிற வழியை அடைக்கும். நாற்பது வயதில் தாங்கிய குழாய் அறுபதில் தாங்காது என்றார்.

மருந்து சாப்பிட்டாரா என்று கேட்டிருந்தீர்கள். சாப்பிடவில்லை. தோட்டத்தில் வேலை பார்க்கிற பேச்சிமுத்து நேற்று ஒரு சாக்கை வீட்டில் கொண்டுவந்து கொட்டினான். எல்லாம் காலி மாத்திரை அட்டை. வலி மாத்திரை. மோட்டார் ரூமில் ஒளித்து வைத்திருந்தாகளாம். "விடியறதுக்கு முன்னாடியே வந்து மாத்திரையப் போட்டுட்டு, விரல் மடங்குற வரைக்கும் ஒக்காந்திருப்பாக. வீட்டுல சொல்லிராதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக" என்றான். அந்த மாத்திரை வலியைத்தான் மூடும், உள்ளே இருக்கிற புகைச்சலை அணைக்காதாம். ரத்தக்கொதிப்பையும் அதுவே ஏற்றிவிட்டிருக்கிறது.

அக்கா, விடியுமுன் தோட்டத்துக்குப் போகிற ஆளைச் சுறுசுறுப்பு என்று நான் அக்கம்பக்கத்தில் பெருமை பேசியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உங்களிடம் மட்டும் எல்லாம் சொல்லியிருக்காக.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப் போகிறது. பேச்சு போய்விட்டது என்றேன் அல்லவா. ஒரு வார்த்தை மட்டும் வருகிறது. அது உங்கள் பேர். காலையில் கண்ணைத் திறந்ததும் உங்கள் பேர். நான் துடைத்துவிடும்போதும் உங்கள் பேர். மூத்திரத் துணியை மாற்றுகிறவள் நான், அழைப்பு உங்களுக்கு.

ஜோதிலட்சுமி


தேவாரம்
28.02.2025

ஜோதிலட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து படித்தேன். சமையல் பண்ணுகிற ராமுத்தாய், "ஏன் டீச்சர் ஒரு மாதிரியா இருக்கீக" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்படி எழுதக்கூடாதுதான். ஆனாலும் இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். என்னோடு இருந்த காலத்தில் அவர் நோயாளி. காலையில் விரல் மடங்காது. சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடுவேன், சோற்றைப் பிசைந்து வைப்பேன். வலி என்றால் தட்டு பறக்கும். நான் மிதித்து நடந்தாலே சத்தம் என்பார். ஆசையாக ஒரு இடத்துக்குப் போனதில்லை, மதுரை ஆஸ்பத்திரிதான் நாங்கள் போன ஊர். பிறகு உன்னிடம் வந்தார். கோர்ட்டில் எல்லாம் தீர்ந்த அடுத்த வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் உங்களைப் பார்த்தேன். ராட்டினத்துக்குப் பக்கத்தில். உன் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி, நேராக நிமிர்ந்து நடந்து போனார். புதுச் சட்டை. எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது.

"ஒன்ன விட்டுப் போனதும் அவுக நோயும் போயிருச்சு பாரு" என்று கூட வந்தவள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அதை நம்பினேன் ஜோதிலட்சுமி. நான்தான் அவருக்கு நோய் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். நல்ல உடம்பை நீ வாங்கிக்கொண்டாய், வலியை எனக்கு விட்டுவிட்டுப் போனாய் என்று உன்னை நினைத்து நினைத்து வெந்திருக்கிறேன். சுருளி அருவிக்குப் போனீர்களாம், குமுளிக்குப் போனீர்களாம், வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனாயாம். எல்லாம் என் காதுக்கு வரும். வந்து சொல்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

இப்போது பார்த்தால் நோய் எங்கேயும் போகவில்லை. உனக்காக ஒளித்து வைத்திருக்கிறார். உன் முன்னால் வாலிபனாக நிற்க வேண்டும் என்று வலியை விழுங்கியிருக்கிறார். எனக்காக ஒரு நாளாவது விழுங்கியிருக்கலாம்.

என் பேரை எப்படிச் சொல்கிறார்? முழுதாகவா, சந்தனம் என்றா? கல்யாணமான புதிதில் சந்தனம் என்பார். பிறகெல்லாம் "இந்தா" என்பதுதான் என் பேர்.

சந்தனம்மாள்


உத்தமபாளையம்
05.03.2025

அக்காவுக்கு,

எப்படிச் சொல்கிறார் என்று கேட்டீர்கள். சந்தனம் என்றுதான். தெளிவாக. மற்றதெல்லாம் குழறி எச்சிலாக வழிகிறது, அது மட்டும் பிசகாமல் வருகிறது. உங்களுக்குப் போதுமா.

டாக்டரம்மாவிடமும் கேட்டேன். "மூளையில அடைப்பு வந்தா சில பேருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் நின்னு போகும். அதுக்கு அர்த்தம் தேடாதீங்க" என்றார். அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிற்கிற அந்த ஒரு வார்த்தை என் பேராக ஏன் நிற்கவில்லை என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீரபாண்டியில் என் கையைப் பிடித்திருந்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவ்வளவு இறுக்கிப் பிடித்தாக. ஆசை என்று நினைத்தேன். விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்தாகளோ என்று இப்போது நினைக்கிறேன். நீங்கள் பொறாமைப்பட்ட கைக்கு அதுதான் கதை.

வீட்டு நிலவரம் எழுதாமல் இதையே எழுதுகிறேன். வேலை பார்க்கிற உரக்கடையில் லீவு முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் கேட்டிருக்கிறேன். பிசியோதெரபிக்குப் பையன் வருகிறான். காலை ஊன்றிக் கொஞ்சம் நிற்கிறாக.

மதுரையிலிருந்து தேனிக்கு வருகிற மூட்டு டாக்டர் பார்த்தார். அந்தக் காவல் படையை அடக்கி வைத்தால் அடுத்த அடைப்பு வருகிற வாய்ப்பும் குறையும் என்றார். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடுகிற குட்டி மாத்திரை எழுதியிருக்கிறார், மஞ்சளாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்க வேண்டும். "இதுக்கு முன்னாடி இத சாப்பிட்டிருக்காரா, ஏதும் ஒத்துக்காம போச்சா" என்று கேட்டார். தெரியாது என்றேன். சம்சாரம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல எனக்குக் கூசுகிறது.

ஜோதிலட்சுமி


உத்தமபாளையம்
11.03.2025

அக்காவுக்கு,

சனிக்கிழமை நீங்கள் வாசலில் வந்து நின்றதும் யாரோ சொந்தக்காரர் விசாரிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு கிட்டத்தில் உங்களை நான் பார்த்ததில்லை. பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தீர்கள். நான் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"அந்த மாத்திரையக் குடுத்துறாத" என்பதுதான் நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. அதைச் சாப்பிட்டு முன்னே ஒரு தடவை கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஈரல் கெட்டு, அவுக பிழைத்ததே பெரிய பாடு என்றீர்கள். டாக்டருக்குப் போன் போட்டு உங்களிடம் கொடுத்தேன். மாத்திரைப் பேர், எத்தனை மில்லிகிராம், எந்த வருஷம், அதற்குப் பதிலாக எதை மாற்றிக் கொடுத்தார்கள், அது எப்படி ஒத்துக்கொண்டது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னீர்கள். "நல்லவேளை சொன்னீங்கம்மா" என்றார் அவர். மாத்திரையை மாற்றிவிட்டார்.

மருந்துப் பேர் ஞாபகம் இல்லை என்று போன மாதம் எனக்கு எழுதினீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

காபி போட உள்ளே போனேன். அவுக கூப்பிட ஆரம்பித்தாக. சந்தனம், சந்தனம் என்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அணைக்கக்கூட இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவுக கேட்ட ஆளே எதிரில் வந்து உட்கார்ந்தாச்சு, இனி நான் எதற்குப் போக வேண்டும் என்று நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியோடு நான் வெளியே வரும்போது நீங்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தீர்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றீர்கள். காபியைத் தொடவில்லை.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. மூன்று நாளாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அவுகளுக்கு நீங்கள்தான் வேண்டும் என்றால் கூட்டிப்போங்கள். உங்களுக்கு அவுக நோய் தெரியும், மருந்து தெரியும். நான் கார் பிடித்துத் தேவாரத்துக்கு அனுப்பி வைக்கிறேன். துணிமணி, மாத்திரை, ஸ்கேன் எல்லாம் கட்டிக் கொடுக்கிறேன். வேறொருத்தி பேரைக் கேட்டுக்கொண்டே ஒருத்தருக்குச் சோறு ஊட்டுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

சரி என்றால் சரி என்று மட்டும் எழுதுங்கள்.

ஜோதிலட்சுமி


தேவாரம்
17.03.2025

ஜோதிலட்சுமிக்கு,

சரி என்று எழுதிக் கவரில் போட்டு ஒட்டியும் வைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் தபாலில் போட வேண்டும் என்று பையில் எடுத்து வைத்தேன். உள்ளறையில் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டேன். ஓவியா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். பிறகு கிழித்துவிட்டேன். காரணத்தை உனக்குச் சொல்லாமல் இருந்துவிடலாம். ஆனால் நீ என்னிடம் அவரைக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் பொய்யாக இருக்கக் கூடாது.

மாத்திரை விஷயத்தைச் சொல்ல ஒரு போன் போதும். நான் பஸ் ஏறியது அதற்கு இல்லை. அவர் வாயால் என் பேரைக் கேட்க வந்தேன். அதற்குத்தான் பட்டுச் சேலை.

நீ அடுப்படிக்குள் போன பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. நான் அவருக்கு எதிரே, முழங்கால் இடிக்கிற மாதிரி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அதில் சந்தேகமில்லை. முகம் கொஞ்சம் கூசியது. பிறகு பெரியவர்கள் வந்தால் ஆட்டுவது மாதிரி மரியாதையாகத் தலையை ஆட்டினார். பக்கத்தில் இருந்த சொம்பைக் காட்டி "சந்தனம்" என்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஃபேனைக் காட்டி "சந்தனம்" என்றார். ஓடுகிற ஃபேனைக் குறைக்க வேண்டுமாம். டாக்டரம்மா உன்னிடம் சொன்னது எனக்கு அப்போது புரிந்தது. அவருக்கு இப்போது தண்ணீரும் அதுதான், காற்றும் அதுதான். மிச்சமிருக்கிற ஒரே வார்த்தை. அது என் பேராக இருக்கிறது, அவ்வளவுதான்.

அதோடு நின்றிருந்தால் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். உள்ளே உன் பாத்திரச் சத்தம் நின்றது. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரம் அதுவாகத்தான் இருக்கும். அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இடது கையை ஊன்றி எழப் பார்த்தார். "சந்தனம், சந்தனம்" என்று கூப்பிட்டார். அடுப்படியைப் பார்த்துக் கூப்பிட்டார். "இங்கனதான இருக்கேன்" என்றேன் நான். அவர் கையை வீசி என்னை ஒதுங்கச் சொன்னார். நீ வருகிற வழியை நான் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் ஜோதிலட்சுமி. நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அப்போதும் நீ வரவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பயந்து என்னை அவர் ஒரு நாளும் தேடியதில்லை. அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டேன்.

அவரை இங்கன கூட்டி வந்தால் என்ன ஆகும் என்று அரிசி அளந்துகொண்டே யோசித்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பொழுதன்றைக்கும் என் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிடுவார். ஊரே என்னைக் கொடுத்து வைத்தவள் என்று சொல்லும். யாரைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். அந்தத் தண்டனை எனக்கு வேண்டாம்.

எனக்குத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன். புது மாத்திரை வயிற்றைப் புரட்டும், சாப்பிட்ட பிறகு கொடு. ரத்தப் பரிசோதனை தவறவிடாதே. விழுந்த கையிலும் வலி இருக்கும், அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள். காலையில் எழுப்பியதும் அவசரப்படுத்தாதே, வெந்நீரில் கையை வைத்து மெள்ள விரலை நீட்டிவிடு. காய்ச்சல், சளி என்று வந்தால் அலட்சியம் பண்ணாதே, உடம்பில் எங்கே வீங்கினாலும் அது ரத்தக்குழாயையும் தொடும் என்று மதுரை டாக்டர் அப்போதே சொன்னார். நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் ஈறு வீங்கினாலும் காட்டு. இதையெல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பெருமையை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன். இனி நீயும் தெரிந்துகொள்.

உன் மேல் இருந்த பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. வீரபாண்டியில் பார்த்த அன்றைக்கு இருந்ததைவிட இப்போதுதான் அதிகம். அதனால் நான் இனி வரமாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

அவர் சந்தனம் என்று கூப்பிட்டால் அடுப்படியில் நின்றுகொண்டிருக்காதே. என்னங்க என்று கேட்டுக்கொண்டு முன்னால் வா. உன்னைத்தான் கூப்பிடுகிறார்.

இப்படிக்கு,
சந்தனம்மாள்